புளோரைடு பற்பசையும் குழந்தைகளின் பற்சொத்தையும்

புளோரைடு பற்பசை என்பது பற்சொத்தையைத் தடுப்பதற்காகப் புளோரைடு உப்பு சேர்த்துச் செய்யப்படும் பற்பசை. சோடியம் புளோரைடு, சோடியம் மோனோபுளோரோபாஸ்பேட், ஸ்டானஸ் புளோரைடு ஆகியவை பெரும்பாலும் சேர்க்கப்படும் உப்புகள். பால்பற்களின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை விரைவில் உள்ளே பரவும். எனவே முதல் பல் முளைத்ததுமே இப்பசையைப் பயன்படுத்தத் தொடங்குவதே முறை.

செயல்படும் விதம்

ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய நுண்ணுயிரிகள் வாயில் தங்கும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தில் எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன. உமிழ்நீரில் சிறிதளவு புளோரைடு இருந்தாலே, கரைந்த தாதுக்கள் மீண்டும் பல்லில் படிவது விரைவுபடும். அப்படிப் படியும் பகுதி அமிலத்தை முன்னிலும் நன்றாகத் தாங்கும்.

வரலாறு

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்த பல் மருத்துவர் பிரடெரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருக்கக் கண்டார். 1909இல் புகழ்பெற்ற பல் மருத்துவ அறிஞர் ஜி. வி. பிளாக் அவருடன் இணைந்தார். கறை படிந்த பற்களைச் சொத்தை எளிதில் அண்டுவதில்லை என்பது அவர்கள் கண்ட வியப்பு. 1920களில் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி ஊரார், மெக்கேயின் அறிவுரைப்படி குடிநீரின் ஊற்றையே மாற்றினர். பின்னர் வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றவில்லை. 1931இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் வேதியியலர் எச். வி. சர்ச்சில், அதே கறை காணப்பட்ட ஆர்க்கன்சாவின் பாக்சைட் ஊர்த் தண்ணீரில் மிகுதியான புளோரைடு இருப்பதைக் கண்டறிய, புதிர் விடுபட்டது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் கறை பெரிதாகத் தோன்றாமலே சொத்தை குறையும் என்பதைப் பல் மருத்துவ ஆய்வாளர் டிரெண்ட்லி டீன் நிறுவினார். 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ், உலகில் முதன்முதலாகக் குடிநீரில் புளோரைடு சேர்த்த நகரமாயிற்று.

புளோரைடைப் பசையில் சேர்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை. தேய்ப்புக்கென இடப்பட்ட சுண்ணப் பொருள்கள் புளோரைடைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்தன. இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜோசப் மியூலர் குழுவினர் இத்தடையைக் கடந்து உருவாக்கிய ஸ்டானஸ் புளோரைடுப் பசை, 1950களின் நடுவில் ‘கிரெஸ்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1960இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அதன் சொத்தைத் தடுப்பாற்றலை ஏற்றது.

அளவும் பாதுகாப்பும்

மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணி அளவும் போதும். நாளுக்கு இருமுறை, பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடு கழுவிப்போய்விடும். பல் உருவாகும் வயதில் பசையை அடிக்கடி விழுங்கினால் எனாமலில் வெண்புள்ளிகள் தோன்றலாம். சொத்தையால் குழந்தை படும் வேதனைக்கு முன் அவை பொருட்டல்ல. விழுங்கிவிடுமோ என்று அஞ்சிப் புளோரைடு இல்லாத பசையை வாங்குவது, குழந்தைக்குரிய காப்பை மறுப்பதாகும்.

இன்றைய நிலை

இந்தியாவில் பற்பசையில் புளோரைடு 1000 பிபிஎம்-க்கு மிகக்கூடாது. தருமபுரி போல நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதிகளில் பல் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் புளோரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.