எலும்பு ஏற்றுக்கொண்ட உலோகம்

பொத்துவில் வீட்டில் கஞ்சியே ஆகாரமாக நாட்கள் கழிகின்றன. இரு தாடைகளிலும் இம்ப்ளான்ட் பொருத்தும் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு வாரங்கள். வீக்கம் வற்றிவிட்டது, என் சேமலாப நிதியும் வற்றிவிட்டது.

இச்சிகிச்சையின் வரலாறு ஒரு தற்செயலில் தொடங்குகிறது. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், எலும்பினுள் இரத்தவோட்டத்தை அவதானிக்க முயலின் காலில் டைட்டேனியக் கருவியொன்றைப் பதித்தார். பின்னர் கழற்ற முனைந்தபோது அது கழலவில்லை. எலும்பு அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. 1965இல் அதே உலோகத் திருகாணிகளை யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் பொருத்தினார். 2006இல் அவர் இறக்கும்வரை அவை பயன்பட்டன. ஆயினும் 1982ஆம் ஆண்டு டொரன்டோ மாநாட்டின் பின்னரே பல் வைத்திய உலகம் இம்முறையைப் பரவலாக ஏற்றது.

எலும்பு ஒட்டுவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். பணத்திற்கோ அத்தகைய தவணை இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் பல்லை இலவசமாகப் பிடுங்கிக்கொள்ளலாம். அவ்விடத்தில் திருகாணிப் பல் வேண்டுமாயின் பெரும்பாலும் தனியாரிடமே செல்ல வேண்டும்; இறக்குமதிப் பொருளின் விலையும் நம் தலையில்தான். எங்களூரில் பலருக்கு எட்டுவது கழற்றி மாட்டும் பல்செட்டு மட்டுமே.

கட்டணச் சீட்டைப் பார்த்த அயல்வீட்டு மீனவர், "இந்தக் காசுக்கு ஒரு தோணி வாங்கலாமே, காக்கா" என்றார். மறுமொழி கூற இயலவில்லை. வாய் நோவினால் மட்டுமன்று.