அம்மைப்பாலும் மனச்சான்றும்

1796-இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் முறையை, 1853-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் குழந்தைகட்குக் கட்டாயமாக்கிற்று. பின்னாளில் மறுத்த பெற்றோர் பலர் அபராதமும் சிறையும் ஏற்றனர். அவர்தம் கிளர்ச்சியின் பயனாய் 1898-இல் மனச்சான்று விலக்குப் பிறந்தது. அமெரிக்காவிலோ, ஐந்து டாலர் அபராதத்தை எதிர்த்து வழக்காடிய பாதிரியார் ஜேக்கப்சன் 1905-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். தனியுரிமை சமூகக் காப்பிற்கு உட்பட்டதே என்பது தீர்ப்பு. நம் உச்ச நீதிமன்றம் 2022-இல் இரண்டையும் இணைத்தது: எவர்க்கும் வலிந்து ஊசி போடலாகாது, ஆயினும் பொதுநலங் கருதி அரசு தக்க வரையறை விதிக்கலாம்.

பெரியம்மை ஒழிந்ததென 1980-இல் உலகம் அறிவித்தது பல்லாயிரவர் இசைந்து கைநீட்டியதன் பயனேயாம். விலக்கைச் சிலர் பெறலாம். பலரும் பெறின், ஊசியேற்கும் வயதெய்தாத தொட்டிற் குழந்தைக்குக் காவல் யார்? அச்சுறுத்தாது, விளக்கி இசைவு பெறுவதே நன்னெறி என்பது எம் துணிபு.