தொப்பிப் பாலிப் நோய்: காரண விவாதமும் சிகிச்சையின் வரிசையும்

சளியும் இரத்தமும் கலந்து மலம் போகிறது என்று வரும் நோயாளிக்குக் கோலனோஸ்கோப்பி செய்கிறோம். மலக்குடலில் சிவந்த பாலிப்புகள் தெரிகின்றன. உடனே அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று எழுதி ஸ்டீராய்டு தொடங்கிவிடுவது சரியல்ல. அது தொப்பிப் பாலிப் நோயாகவும் இருக்கலாம். அரிய நோய்தான், ஆனால் அதைத் தவறவிட்டால் பயன்படாத மருந்துகளில் காலம் கழிந்து, நோயாளி அறுவை அரங்கு வரை போக நேரிடும். சிகிச்சையின் வரிசையையே மாற்றியாக வேண்டும் என்பது என் வாதம்.

வில்லியம்ஸ், பஸ்ஸி, மோர்சன் ஆகியோர் 1985இல் இந்நோயை முதலில் விவரித்தனர். மலக்குடலிலும் சிக்மாய்டு குடலிலும், குறுக்கு மடிப்புகளின் உச்சியில் பாலிப்புகள் அமர்ந்திருக்கும். அவற்றின் மேல் ஃபைப்ரினும் சீழும் சேர்ந்த வெண்படலம் தொப்பிபோல் மூடியிருக்கும். அடியில் சுரப்பிகள் நீண்டு நெளிந்து காணப்படும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் அழற்சி மலக்குடலிலிருந்து இடைவெளியின்றி மேலேறும். இங்கோ பாலிப்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு இயல்பாக இருக்கும். வேறுபாட்டைக் காட்டித் தருவது இந்த இடைப்பகுதிதான். ஆகவே அங்கிருந்தும் திசு எடுக்க வேண்டும். பாலிப்பின் மேற்படலத்தை மட்டும் கிள்ளி அனுப்பினால், நோயியல் மருத்துவருக்குக் கிடைப்பது சீழும் சிதைந்த திசுவுமே. அதை வைத்து எந்த அழற்சி நோயையும் சொல்லிவிடலாம்.

காரணம் என்ன? நெடுநாள் முக்கி மலம் கழிப்பதால் சவ்வு சரிந்து, உராய்ந்து, இரத்த ஓட்டம் குறைந்து புண்படுகிறது என்பது பழைய விளக்கம். முக்குதலோடு தொடர்புடைய மலக்குடல் தனிப்புண் நோயில் காணும் நார்த்தசைப் பெருக்கம் இங்கும் காணப்படுவது அதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் மலச்சிக்கலே இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. அவர்களுக்கு இவ்விளக்கம் போதாது.

2002 முதல் ஜப்பானிய மருத்துவர்கள் வேறொரு தடயத்தைக் காட்டினர். இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி இருந்த சில நோயாளிகளுக்கு அதை ஒழிக்கும் மருந்து கொடுத்தபோது, பெருங்குடல் பாலிப்புகள் மறைந்தன. அந்தக் கிருமி பாலிப்புத் திசுவில் காணப்படவில்லை. இரைப்பைத் தொற்றுக்கு உடல் காட்டும் நோயெதிர்ப்பு வினை குடலில் வெளிப்படுகிறதா, அல்லது அந்த ஆன்டிபயாட்டிக்குகள் குடலின் வேறு நுண்ணுயிர்களை மாற்றுகின்றனவா என்பது தீரவில்லை. இந்தியாவில் இத்தொற்று மிகப் பரவலானது; எனவே சோதனையில் கிருமி தெரிந்தால் அதுவே காரணம் என்று தீர்மானிக்க முடியாது. ஆனாலும் தொற்று இருப்பவருக்கு ஓரிரு வார மருந்தை முயல்வதில் இழப்பு குறைவு, பயனோ பெரிது. காரணம் தெளியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முக்குவதைத் தவிர்க்கும் பழக்கமும் மலத்தை இளக்கும் மருந்தும் முதலில் வரவேண்டும். பைலோரி சோதனையும் தேவையானால் அதன் ஒழிப்பும் அடுத்தவை. மெட்ரோனிடசோல் சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஸ்டீராய்டும் மெசலமைனும் பெரும்பாலும் ஏமாற்றுகின்றன. இன்ஃபிளிக்ஸிமாப் குறித்த அனுபவம் சீராக இல்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தால் எண்டோஸ்கோப் வழியே பாலிப்புகளை அகற்றலாம். சவ்விலிருந்து புரதம் கசிந்து அல்புமின் சரிந்து, கால் வீங்கும் நிலையில் மட்டும் தாமதம் கூடாது. மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவைதான் வழி. அதன் பிறகும் நோய் திரும்பியிருக்கிறது. முக்கும் பழக்கம் மாறாதவரிடம் இது வியப்பல்ல.

திசுப் பரிசோதனைப் படிவத்தில் முக்கி மலம் கழிக்கும் பழக்கத்தையும் குறித்து அனுப்புங்கள். பைலோரி சோதனை முடியாமல், அவசரமற்ற எந்த நோயாளியையும் அறுவைக்குப் பரிந்துரைக்காதீர்கள்.