வாயிலின் இரு கடமைகள்

மக்கள் பெருந்திரளாகக் கூடும் அரங்கின் வாயிலுக்கு இரண்டு கடமைகள் உண்டு. வரத்தகாதவரை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்று; உள்ளே இருப்பவரை ஆபத்துக் காலத்தில் தடையின்றி வெளியே அனுப்புவது மற்றொன்று. முதற்கடமையை எல்லோரும் நினைவில் வைக்கின்றனர். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த மறதிக்கு உலகம் கொடுத்த விலை சிறிதன்று.

ஈரான் நாட்டின் தென்மேற்கில் உள்ள ஆபாதான், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையால் புகழ்பெற்ற நகரம். அங்கே 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் இரவு, ரெக்ஸ் திரையரங்கில் மக்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தனர். சிலர் எரிபொருளை ஊற்றித் தீ வைத்தனர். வெளியே ஓடி வந்தவர்களைப் பூட்டிய கதவுகள் தடுத்தன. ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். தீயணைப்புப் படை காலந்தாழ்த்தி வந்தது என்றும், வந்தும் தண்ணீர் கிடைக்கவில்லை என்றும் ஊரார் கொதித்தெழுந்தனர்.

தீ வைத்தவர் யார் என்னும் கேள்வி நாட்டையே உலுக்கிற்று. மதத் தீவிரவாதிகளின் செயல் என்றது மன்னர் ஷாவின் அரசு. அரசின் உளவுப் படையே செய்தது என்றனர் எதிர்ப்பாளர். மக்கள் பெரும்பாலும் பின்னதையே நம்பினர். ஆறே மாதத்தில், 1979 பிப்ரவரியில், முடியாட்சி வீழ்ந்தது. புதிய ஆட்சி 1980இல் வழக்கு நடத்திச் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் இந்தப் பூசலின் பேரொலியில் மற்றொரு கேள்வி அமிழ்ந்துபோயிற்று: கதவுகள் ஏன் திறக்கவில்லை? தீயை மூட்டியவன் பகைவன். ஆனால் அத்தனை உயிர்களையும் அதற்கு இரையாக்கியதில் கதவுக்கும் பங்கு உண்டன்றோ?

கதவைப் பூட்டாவிடில் கண்டவரெல்லாம் உள்ளே புகுவரே என்று கேட்கலாம். அக்கேள்விக்கு விடை ஆபாதானுக்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில், தீப்பற்றாதது என்று விளம்பரம் செய்யப்பட்ட இராக்குவா நாடக அரங்கு எரிந்தது. அது தாக்குதல் அன்று, விபத்து. பூட்டிய கதவுகளையும் பழகாத தாழ்ப்பாள்களையும் திறக்க மாட்டாமல் சுமார் 600 பேர் மாண்டனர். அன்று அந்த நாடகத்துக்குப் போக எண்ணியிருந்தும் வேலை காரணமாகப் போகாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்னும் வணிகர். அவர், ஹென்றி டூபான் என்னும் கட்டடக் கலைஞரின் துணையோடு ஒரு கருவியை உருவாக்கி, 1908 அளவில் விற்பனைக்குக் கொணர்ந்தார். கதவின் குறுக்கே ஒரு சட்டம். உள்ளிருப்பவர் உடலால் மோதினாலும் தாழ் விலகும். வெளியே நிற்பவனுக்கோ கதவு பூட்டியே இருக்கும். காவலும் உயிர்ப்பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எனினும் பாடம் நிலைக்கவில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் மாஸ்கோவின் எல்லையில் உள்ள குரோக்கஸ் இசையரங்கில் நால்வர் துப்பாக்கியோடு புகுந்து சுட்டனர். பின் அரங்குக்கும் தீ வைத்தனர். இறந்தோர் 140க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலரைக் கொன்றவை நெருப்பும் புகையுமே. சில கதவுகள் பூட்டியிருந்ததாக உயிர் பிழைத்தோர் கூறினர். அங்கே மேலாடைகளை வாங்கி வைக்கும் வேலையில் இருந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன், வெளியேறும் வழி தெரிந்தவனாதலால், நூற்றுக்கு மேற்பட்டோரை அழைத்துச் சென்று காத்தான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 2008 நவம்பர் 26 முதல் 29 வரை மும்பைத் தாஜ் விடுதி தாக்குண்டு எரிந்தபோது, விருந்தினர் பலரை ஊழியர்கள் சமையற்கூடங்கள் வழியாகவும் பணியாளர் நடைவழிகள் வழியாகவும் அழைத்துச் சென்றனர். அப்பணியில் சிலர் தம் உயிரையும் ஈந்தனர். சன்னல்களில் தவித்தோரைத் தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து இறக்கினர். திறக்கும் கதவு ஒன்று, வழி அறிந்த மனிதர் ஒருவர்: இவ்விரண்டுமே உயிர் காப்பவை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. வெளியேறும் வழியைக் காட்டும் பலகை நாம் படிக்க அறியாத எழுத்தில் இருக்கக்கூடும். ஒலிபெருக்கியின் எச்சரிக்கையும் பதற்றத்தில் விளங்காமற் போகலாம். ஆதலின் அரங்கில் அமருமுன் கதவு எங்கே என்று கண்ணால் கண்டுகொள்வது நலம். அது பூட்டியிருந்தால் நிருவாகத்தினரிடம் அப்போதே கேட்பது அதனினும் நலம். சீட்டு வாங்கியவனுக்கு இருக்கையின் மீது எத்துணை உரிமை உண்டோ, வெளியேறும் வழியின் மீதும் அத்துணை உரிமை உண்டு.