வெளியேறிய ஏடும் தங்கிவிட்ட கைகளும்: புகலிட இதழியல் பற்றிச் சில குறிப்புகள்

1

செண்பகனூர் வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பழக்கமான பெயர். 1895இல் சேசு சபையினர் இங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். மதுரை மிஷன் தொடர்பான கடிதங்களும் பதிவேடுகளும் இந்த மலையூரில் சேர்ந்து ஓர் ஆவணக் காப்பகமாக வளர்ந்தன. பதினேழாம் நூற்றாண்டின் மதுரை, தஞ்சை, செஞ்சி பற்றி, அக்காலத்துப் போர்கள், பஞ்சங்கள் பற்றி எழுத உட்காரும் எவரும், பாதிரிமார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களைத் தாண்டிப் போய்விட முடியாது. 1924இல் வெளிவந்த சத்தியநாதய்யரின் மதுரை நாயக்கர் வரலாற்று நூல் இக்கடிதங்களை விரிவாகப் பயன்படுத்தியது.

இந்தக் கடிதங்களின் கட்டமைப்பு நம் கவனத்துக்குரியது. எழுதியவருக்குப் பெயர் உண்டு. வாசிப்பவர் கடல் கடந்த இடத்தில் இருக்கிறார். நடுவே ஓர் ஆள் உண்டு. ஊர் ஊராக நடந்து, சண்டைக்கு நடுவில் புகுந்து, இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று வந்து சொன்ன உபதேசியார். அவர் பெயர் பல இடங்களில் இல்லை. செய்தி மிஞ்சியது, சொன்னவன் மிஞ்சவில்லை.

நாடு கடந்து போன பத்திரிகையாளர்கள் இணையத்தில் நடத்தும் செய்தித் தளங்களை வாசிக்கும்போது இந்த நடு ஆளையே தேட வேண்டியிருக்கிறது. இத்தளங்களைப் பற்றிய சொல்லாடல் முழுக்க வெளியேறியவரைச் சுற்றியே நடக்கிறது. அவர் துணிச்சல், அவர் இழப்பு, அவருக்குக் கிடைத்த விருது. இதில் பொய் இல்லை. ஆனால் பாதிக் கதைதான் இருக்கிறது.

2

புகலிட இதழியல் இணையத்தோடு பிறந்த சங்கதி இல்லை. தமிழில் அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் வயசு.

1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழை நடத்தியது பாரதி. ஆனால் 1908இல் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். அவ்வருஷம் இராஜதுரோக வழக்கு வந்தபோது கைதாகிச் சிறைக்குப் போனவர் அவர்தான். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அச்சு இயந்திரமும் பின்னாலேயே போனது. 1908 அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மறுபடி வரத் தொடங்கியது.

பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது? எல்லை தாண்டிப் போய் இயந்திரத்தை உடைக்க முடியாது. புதுச்சேரித் தெருக்களில் ஒற்றர்களை நிறுத்தியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையத் தடை போட்டது. வாசகன் சென்னையிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறான், ஏடு புதுச்சேரியில் அச்சாகிறது, நடுவில் இருந்த ஒரே பாலம் தபால். அதை அறுத்தார்கள், அவ்வளவுதான். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது.

இங்கே இரண்டு விஷயங்கள் பிடிபடுகின்றன. முதலாவது, புகலிட ஏட்டின் பலவீனம் அதன் அச்சகத்தில் கிடையாது, வழியில் இருக்கிறது. பேசும் இடத்தை இடம் மாற்றலாம். கேட்பவனையும் சொல்பவனையும் இணைக்கும் பாதையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இரண்டாவது, பாரதிக்குச் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. சீனிவாசன் நமக்கு யார்? பாரதி வாழ்க்கை வரலாற்றில் ஒரு வாக்கியம்.

3

1997இல் தமிழ்நெட் தொடங்கியது. அதன் ஆசிரியராக இருந்து அதை வடிவமைத்தவர் 'தராக்கி' என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம். வடக்கு கிழக்கின் ஊர்களில் பிரதேச செய்தியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் அனுப்புவது சர்வதேச செய்தி நிறுவனங்களின் நடையில், உணர்ச்சிச் சொற்கள் கழிக்கப்பட்ட ஆங்கிலத்தில் வெளிவந்தது. கொழும்பிலிருந்த தூதரகங்கள் அதைப் படித்தன. தளத்தின் தொழில்நுட்பம் புலம்பெயர்ந்தோர் கையில் வெளிநாட்டில் இருந்தது. செய்தி பிறந்தது உள்நாட்டில். பாதி வெளியேறி, பாதி தங்கிவிட்ட ஊடகம் என்று சொல்லலாம்.

தங்கிய பாதிக்கு என்ன ஆச்சு? இந்த ஒரு தளத்தோடு நிறுத்தாமல் அக்காலத் தமிழ்ச் செய்தியாளர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். 2000 அக்டோபர் 19, யாழ்ப்பாணத்தில் பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன், ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2004 மே 31, மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் சிவராம் கடத்தப்பட்டார், மறுநாள் அவர் உடல் நாடாளுமன்றத்துக்கு அருகே கிடந்தது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் தேதி சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2007 ஜூனில் இலங்கைக்குள் தமிழ்நெட் தடுக்கப்பட்டது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. 1910இல் தபாலுக்குச் செய்ததை 2007இல் கம்பிக்குச் செய்தார்கள். வாசகர்கள் பிராக்ஸி வழியாக நுழைந்து படித்தார்கள் என்பதும் உண்மை. தடையைச் சுற்றிப் போகும் வழி இப்போது கொஞ்சம் சுலபம்.

பிறகு வெளியேற்றம் கூடியது. 2009 ஜனவரி 8 அன்று 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டதோடு சிங்கள, ஆங்கில இதழாளர்களும் பெருமளவில் நாட்டை விட்டுப் போனார்கள். நாடு கடந்த சிங்கள, தமிழ் இதழாளர்கள் சேர்ந்து 'இலங்கையில் ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள்' அமைப்பை உருவாக்கினார்கள். சூரியன் எஃப்.எம். செய்திப் பிரிவில் இருந்து, 2006இல் கடத்தப்பட்டு விடுவிக்கப்பட்ட நடராஜா குருபரன் லண்டன் போய் குளோபல் தமிழ் நியூஸ் நடத்தினார். 2011இல் உவிந்து குருகுலசூரிய லண்டனிலிருந்து கொழும்பு டெலிகிராப் தொடங்கினார். லங்கா இ நியூஸில் எழுதிவந்த கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமல் போனார். ஆசிரியர் சந்தருவன் சேனாதீர லண்டனுக்குப் போய்விட்டார். 2011 ஜனவரி 31 அன்று கொழும்புப் புறநகரில் இருந்த அதன் அலுவலகம் எரிக்கப்பட்டது. அவ்வருஷ நவம்பரில் தளமே தடுக்கப்பட்டது. 2015 ஆட்சி மாற்றம் தடைகளை நீக்கியது. ஆனால் 2017 நவம்பரில் அதே 'நல்லாட்சி' அரசு லங்கா இ நியூஸை மறுபடி தடுத்தது.

2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 ஒரு காட்சியை ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் கைபேசிக் காட்சி. கொடுத்தது மேலே சொன்ன ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள். போலி என்றது அரசு. நிபுணர்கள் பரிசோதித்ததில் அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அறிவித்தார். அந்தக் காட்சி ஏதோ ஒரு கைபேசியிலிருந்து இன்னொரு கைக்கு, அங்கிருந்து எல்லை தாண்டி வந்திருக்க வேண்டும். அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை. இருக்கவும் கூடாது.

உபதேசியார் பெயர் இல்லாமல் போனதும் இதுவும் ஒன்றா? ஒன்றில்லை. ஒன்று ஏற்றத்தாழ்வு உண்டாக்கிய மௌனம், அவர் பெயர் எழுதத் தக்கதாகப் படவில்லை. மற்றது உயிரைக் காக்கும் மௌனம். ஆனால் காக்கும் மௌனம் எந்தப் புள்ளியில் அழிக்கும் மௌனமாக மாறுகிறது என்பதுதான் நம் கேள்வி. ஆபத்து நீங்கிய பின்னும் பெயர் வராவிட்டால்? பெயர் தெரிந்த ஒரே ஆசிரியரும் போய்ச் சேர்ந்துவிட்டால்?

4

இன்னொரு மௌனமும் உண்டு, அதைப் பேச நம் ஆட்களுக்குக் கசக்கும். எல்லை தாண்டியவன் சுதந்திரமானவன் என்ற கதையாடலை ஈழத்துப் புகலிடச் சிற்றிதழ்களின் வரலாறு குலைத்துப்போடுகிறது. அரசின் கை எட்டாத இடத்தில் இயக்கத்தின் கை எட்டியது. டி.பி.எஸ். ஜெயராஜ் 1993இல் டொரண்டோவில் கடுமையாகத் தாக்கப்பட்டார். இயக்க வரலாற்றை எழுத முனைந்த சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரீஸ் புறநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே இதைச் செய்தார்கள் என்று பலரும் குற்றஞ்சாட்டினார்கள். பத்திரிகையை நிறுத்தக் கொலைகூடத் தேவைப்படவில்லை. கடைக்காரர் அதை வாங்கி வைக்கப் பயந்தால் போதும், விளம்பரம் தந்தவர் விலகினால் போதும்.

இதைச் சொல்வதால் அரசின் குற்றம் இம்மியும் குறையாது. ஆனால் புகலிடத் தளத்தின் நம்பகத்தை வெறும் தூரத்தை வைத்து அளக்க முடியாது என்று தெரிகிறது. பணம் யாருடையது, வாசகர் யார், எந்தச் செய்தி வந்தால் வாசகர் கோபிப்பார் என்றெல்லாம் கேட்டாக வேண்டும். தன் பக்கத்தின் கொலையையும் போடுகிற தளம்தான் எதிர்ப் பக்கத்தின் கொலையைப் பற்றிச் சொல்லும்போது நம்பப்படும்.

5

மறுபடி இந்த மலைக்கு வருவோம். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 மலையகத் தமிழரைக் கணக்குப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். இதற்கு நாடு கடத்தல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்றார்கள். பிறந்த ஊரிலிருந்து பெயர்த்து அனுப்பியதைத் திரும்புதல் என்று சொன்ன அந்தச் சொல்லே ஒரு தணிக்கை.

இவர்களிடம் அச்சகம் இல்லை. பின்னாளில் இணையம் வந்தபோதும் உலகம் படிக்கும் செய்தித் தளம் இவர்களுக்கு வாய்க்கவில்லை. புகலிட இதழியல் என்பது எழுத்தும் தொடர்பும் கைவரப்பெற்றவர்களின் புகலிடம்தான். கூலியாக வெளியேற்றப்பட்டவன் அங்கேயும் செய்தியாகத்தான் வருகிறான், செய்தியாளனாக வருவதில்லை.

ஆகவே நம் முன்னால் இருப்பது நடைமுறை வேலை. இணையத் தளம் காகிதம் மாதிரி இல்லை. ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் முகவரி போய்விடும். சர்வர் மாறினால் பழைய பக்கங்கள் திறக்காது. செண்பகனூரில் காகிதம் தங்கியதற்குக் காரணம் குளிர்ச்சியான மலை மட்டுமில்லை. அதைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கி வைக்க ஒரு சபை இருந்தது. புகலிடத் தளங்களுக்கு அப்படி ஒரு சபை கிடையாது. நடத்தும் ஓரிருவர் களைத்தால், நோய்ப்பட்டால், அத்தோடு முடிந்தது. திருகோணமலை மாணவர் கொலை வழக்கில் கைதாகியிருந்த 13 பேரை 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. இனி அந்தக் கொலைக்குச் சாட்சியாக இருப்பவை சில படங்களும் சில செய்திகளும்தான்.

அவற்றை அச்செடுத்து, தேதி குறித்து, ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் நூலகங்களில் சேர்க்க வேண்டும். செய்தி அனுப்பியவர்களில் செத்துப்போனவர்களின் பெயர்களை இப்போதே எழுத வேண்டும். உயிரோடிருப்பவர்களின் பெயர்களை முத்திரையிட்ட உறையில் வைத்து, எப்போது திறக்கலாம் என்று அவர்களையே கேட்டு எழுதி வைக்க வேண்டும். கூட்டங்களில் புகலிட ஊடகங்களைப் பாராட்டித் தீர்மானம் போடும் நண்பர்கள் முதலில் இந்த வேலைக்கு ஆள் தரட்டும்.