கஞ்சித் தொட்டியும் கப்பல் ஏழைகளும்



காசிமேட்டுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைப்பர். 1782ஆம் ஆண்டு, ஹைதர் அலீயின் போரை ஒட்டிய பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவே அப்பெயர். அன்று ஏழை யார் என்று எவரும் கணக்கிடவில்லை. ஏனம் ஏந்தி வந்தவர் ஏழை.

கணக்கு, 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தோடு வந்தது. நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கடின உழைப்பாளியின் உடல் அதில் நிலைக்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அவர்கள் வாதிட்ட அந்த அரை ராத்தல் வேறுபாட்டில் எத்தனை உயிர்கள் தொங்கின என்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணூர் வழியே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் சென்னை நகர இணைப்பு, அப்பஞ்ச காலக் கூலிகள் வெட்டியதே.

அதே காலத்தில் தாதாபாய் நவ்ரோஜி, இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என மதிப்பிட்டு, சிறைக் கைதியின் உணவுச் செலவுக்குக்கூட அது ஈடாகவில்லை என்று காட்டினார். பின்னர் 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு கிராமத்தில் 2400, நகரத்தில் 2100 கலோரி என்று கோடு கிழித்தது. இவையனைத்தும் ஒரு குறித்த காலத்தின் அளவுகளே. நேற்றும் ஏழை, தந்தை காலத்திலும் ஏழை என்றிருப்பவரையும், இவ்வாண்டு மட்டும் நொடித்தவரையும் இக்கோடு பிரித்துக் காட்டாது.

அதைக் காண, ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். தமிழகத்தில் அதற்கு அரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன் என வீடுவீடாகக் குறிக்கச் செய்தார். அவற்றுள் ஒன்றான, அன்றைய தென்னார்க்காட்டின் இருவேல்பட்டுக்கு 1930களிலும், 1981இலும், 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பச் சென்றனர். தொண்ணூறு ஆண்டுகளில் பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்திருந்தது. வயலுக்கு வெளியே வேலை வந்திருந்தது. ரேஷன் அரிசி கொடும்பட்டினியை விலக்கியிருந்தது. ஆயினும் தலித் குடும்பங்களில் பெரும்பாலோர் நிலமற்றோராகவே நீடித்தனர். ஒரு நாள் கணக்கெடுப்பு இதைச் சொல்லியிருக்குமா?

காசிமேட்டில் இச்சிக்கல் கண்முன்னே நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. பங்குக் கூலிக்குப் போகும் கடலோடியிடம் மே மாதம் வருமானம் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். வலை நிறைந்த வாரத்தில் கேட்டால் ஏழையென்றே சொல்ல முடியாது. இரண்டும் உண்மை. அவருடைய நிலை, தடைக்காலத்தில் வாங்கிய கடன் அடுத்த தடைக்காலத்துக்கு முன் அடைபடுகிறதா என்பதில் இருக்கிறது.

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இவ்விடத்தில் நுட்பமாகப் பேசியிருக்கின்றனர். அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறுவோரில் ஃபகீரையும் மிஸ்கீனையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. அல்கஹ்ஃப் 79ஆம் வசனமோ, கடலில் உழைக்கும் கப்பல் உடைமையாளர்களையே மிஸ்கீன்கள் என்கிறது. இதை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபினர், உடைமை ஏதேனும் இருந்தும் போதாதவர் மிஸ்கீன், அவரினும் தாழ்ந்தவர் ஃபகீர் என்றனர். ஹனஃபி அறிஞர்கள் அவ்வரிசையை மாற்றிச் சொல்வர். எவ்வளவு கொடுப்பது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஓராண்டுத் தேவையை அளவாகக் கொண்டார். இமாம் நவவி (ரஹ்) ஆயுள் தேவையை நோக்கினார். கவனியுங்கள், இவ்விருவரும் ஒரு நாளை அளவாகக் கொள்ளவில்லை.

நம் பள்ளிவாசல்கள் சிலவற்றில் ரமளான் தோறும் புதிய பட்டியல் எழுதப்பட்டு, பழையது தூக்கிப் போடப்படுகிறது. என் பார்வையில் அந்தப் பழைய தாளே விலைமதிப்புள்ளது: பத்து ஆண்டுகளாக ஒரே பெயர் அதில் இருந்தால், நாம் கொடுத்தது அவருக்குத் தேவையான அளவு அன்று. தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவி அல்லது முதல் வாங்கப் போதுமானதைக் கொடுக்கச் சொல்கிறார் நவவி. கீரை விற்பவருக்கு ஐந்து பத்து திர்ஹம், இரத்தின வணிகருக்குப் பத்தாயிரம் திர்ஹம் என எடுத்துக்காட்டும் தருகிறார். அக்கணக்கில், காசிமேட்டில் கடனுக்கு ஐஸ் வாங்கி மீன் விற்கும் ஒரு விதவைக்கு உரியது ஐநூறு ரூபாய் உறையன்று. வட்டிக்காரரிடம் போகாமல் அவர் கூடை நிரம்புவதற்கான முதல்.