கூர்ட்டா: ஒரு கணக்குப் பொறியின் பெயர் வரலாறு

தமிழ் இலக்கணத்தார் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தனர். இவ்வெல்லை மயங்கிவரக் கூறுவது வழுவாகும். எனினும், தாம் வளர்த்த பசுவை ஒருவர் தாயென விளித்துப் பெண்பாலில் பேசுவாராயின், அதனை உவப்பினால் வந்த திணை வழுவமைதி எனக் கொள்வது மரபு. சினத்தாலும் இழிப்பாலும் மனிதரை அஃறிணையாகக் கூறுவதையும் நன்னூலார் அதே நூற்பாவில் அடக்கினார். உவப்பால் நேரும் மாற்றமும் இழிப்பால் நேரும் மாற்றமும் ஒரே மனிதரின் வாழ்வில் எதிரெதிராக நின்றதைக் 'கூர்ட்டா' என்னும் கணக்குப் பொறியின் வரலாறு காட்டுகிறது.

கூர்ட்டா ஒரு கைக்குள் அடங்கும் உருளை. எடை ஏறத்தாழ 230 கிராம். மின்சாரம் வேண்டாதது. பக்கங்களிலுள்ள சிறு நகர்த்திகளால் எண்ணை அமைத்து, மேலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் விடை மேல்வட்டத்தில் தோன்றும். 235ஐ 12ஆல் பெருக்க வேண்டுமாயின், 235ஐ அமைத்து ஒன்றின் இடத்தில் இரு சுற்றும், மேல்வட்டத்தைப் பத்தின் இடத்திற்கு நகர்த்தி ஒரு சுற்றும் சுற்றினால் போதும், 2820 வந்துவிடும். தோற்றத்தால் இதனை 'மிளகு அரைக்கும் பொறி' என்று வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு.

இதனை ஆக்கியவர் கூர்ட் ஹெர்ட்ஸ்டார்க். 1902இல் வியன்னாவில் பிறந்தவர். அவர் தந்தை அந்நகரில் கணக்குப் பொறித் தொழிற்சாலை நடத்தியவர். அக்காலப் பொறிகள் மேசையை நிறைப்பவை. லைப்னிட்ஸ் வகுத்த படிப்பல் உருளை, அவை பலவற்றில் இலக்கத்திற்கு ஒன்றாக இடம்பெற்றிருந்தது. ஹெர்ட்ஸ்டார்க் ஒரே உருளையை நடுவில் நிறுத்தி, இலக்கங்களை அதனைச் சூழ அமைத்தார். கழித்தலுக்குப் பின்னோக்கிச் சுழற்றும் தேவையையும் நீக்கினார். 52இலிருந்து 17ஐக் கழிக்க, 17இன் ஒவ்வோர் இலக்கத்தையும் 9இலிருந்து குறைத்து 82ஐப் பெறலாம். அதனை 52உடன் கூட்டி ஒன்றைச் சேர்த்தால் 135. முன்னுள்ள ஒன்றை விலக்க, விடை 35. கைப்பிடியைச் சற்று உயர்த்திச் சுழற்றினால் பொறி இம்முறையிலே கழிக்கும்.

1938இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை கோரினார். அவ்வாண்டிலேயே ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. தொழிற்சாலை ஜெர்மானியப் படைக்கு நுண்கருவி செய்யலாயிற்று. தந்தை யூதர், தாய் கிறித்தவர். 1943இல், அயல்நாட்டு வானொலிச் செய்தி தொடர்பாகக் கைதான தம் பணியாளர்க்காகப் பரிந்து பேசச் சென்றவர் தாமும் கைது செய்யப்பட்டுப் புக்கன்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அம்முகாமில் கைதிக்குப் பெயரில்லை, எண் உண்டு. உடையில் தைக்கப்பட்ட அவ்வெண்ணே அவரைக் குறிக்கும். ஏறத்தாழ 56,000 பேர் அங்கு மாண்டனர். ஹெர்ட்ஸ்டார்க் முகாமையடுத்த ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய சிறு பொறியைப் பற்றி அறிந்திருந்த அதிகாரிகள், அதனை வரைந்து முடித்தால் வெற்றிக்குப்பின் ஹிட்லருக்குப் பரிசாக அளிக்கலாம் என்றனர். ஓய்வு நேரங்களில் நினைவிலிருந்து பென்சிலால் பகுதி பகுதியாக வரைந்தார். அவ்வரைபடமே அவர் உயிருக்குக் காப்பாயிற்று. எண்ணாக்கப்பட்ட மனிதர் எண்ணும் கருவியொன்றால் பிழைத்தார் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சைச் சுடுவது.

1945 ஏப்ரல் 11இல் முகாம் விடுதலை பெற்றது. வரைபடங்களோடு வெளிவந்தவர், சோமெர்டா நகரத் தொழிற்சாலையில் மூன்று மாதிரிகளைச் செய்வித்தார். சோவியத் படை அப்பகுதியை ஏற்றபோது அவற்றைப் பகுதிகளாகக் கழற்றி எடுத்துக்கொண்டு வியன்னா சேர்ந்தார். பின்னர் லீக்டன்ஸ்டைன் அரசரின் ஆதரவில் அந்நாட்டின் மௌரன் என்னும் ஊரில் உற்பத்தி தொடங்கியது.

பொறிக்கு முதலில் கருதப்பட்ட பெயர் 'லில்லிபுட்'. குள்ளர் நாட்டின் அப்பெயர் உருவின் சிறுமையை மட்டுமே சுட்டியது. வணிகக் கண்காட்சி ஒன்றில், டச்சுப் பெண்மணி ஒருவர் வேறொன்று கூறினார். இப்பொறி ஹெர்ட்ஸ்டார்க்கின் மகள். தந்தை கூர்ட் எனின் மகள் கூர்ட்டாதானே என்பது அவர் கருத்து. ஆண்பாற் பெயர் ஆகார ஈறு பெற்றுப் பெண்பாற் பெயராயிற்று. பெயரிழந்து எண்ணாய் நின்றவரின் பெயர், எண்களைச் சுமக்கும் கருவிக்கு வாய்த்தது.

பிற்காலத்தில் முதலீட்டாளர்கள் நிறுவனத்தில் அவருக்குரிய பங்கினைப் பறிக்க முற்பட்டபோதும், காப்புரிமைகள் அவர் பெயரிலேயே இருந்தமை அவரைக் காத்தது. ஏறத்தாழ 1,40,000 கூர்ட்டாக்கள் செய்யப்பட்டன. நில அளவையாளரும் பொறியாளரும், கார்ப் பந்தய வழிகாட்டிகளும் அவற்றைப் பயன்படுத்தினர். மின்னணுக் கணிப்பான் பரவவே, 1970களின் தொடக்கத்தில் அவற்றின் காலம் முடிந்தது. ஹெர்ட்ஸ்டார்க் 1988இல் மறைந்தார்.

பொறியை மகள் என்றது உவப்பினால் வந்த வழுவமைதி. மனிதரை எண் என்றதோ இழிப்பினும் கொடியது. எவ்விலக்கணமும் அமைதி கூறவியலாத வழு. பெயரிடுதலைத் தொழிலாகக் கொண்ட கவிஞர் இவ்விரண்டின் வேறுபாட்டை மறத்தல் ஆகாது.